புண்ணாக்கில் நின்ற எண்ணெய்

(முதிய எண்ணெய் வயல்களும் நுண்ணுயிர்களும் என்னும் பொருள் குறித்து நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர், தாம் வாணிபத்தில் ஈட்டிய பொருளில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்து, ஆண்டுக்கு ஒருமுறை விஞ்ஞான விஷயம் ஒன்று, தமிழ் மட்டுமே அறிந்த ஒருவரும் கேட்டு விளங்கிக்கொள்ளும் வண்ணம் இந்த மேடையில் எடுத்துரைக்கப்பட வேண்டும் என்ற ஒரே ஒரு நிபந்தனையை விதித்துச் சென்றார் என்று எனக்கு வந்த அழைப்புக் கடிதத்தில் கண்டபோது, அந்த நிபந்தனை மிகச் சுலபமானது என்று எண்ணி உடனே இசைவு தெரிவித்துவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் அது எவ்வளவு கடுமையானது என்பது தெரிந்தது. இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், வற்றிக்கொண்டிருக்கும் பழைய எண்ணெய் வயல்களிலிருந்து, கண்ணுக்குப் புலப்படாத கிருமிகளின் துணைகொண்டு இன்னும் சிறிது எண்ணெயை வெளிக்கொணர, சென்ற நூறாண்டுகளாக நடந்துவரும் முயற்சியாகும்.

என் இளமையில் எங்கள் தெருக்கோடியில் ஒரு மரச்செக்கு இருந்தது. செக்காட்டிய முதியவரைத் தெருப்பிள்ளைகள் எல்லாரும் தாத்தா என்றே அழைப்போம். அவர் எள்ளை உரலில் கொட்டுவதற்கு முன் நாலைந்து மணிகளை வாயிலிட்டுக் கடித்துப் பார்ப்பார். பிறகு சற்று யோசிப்பார். அதன் பின்னரே எவ்வளவு கருப்பட்டி தட்டிப் போடுவது, எவ்வளவு தண்ணீர் தெளிப்பது என்று முடிவு செய்வார். எள்ளுக்கு எதற்குக் கருப்பட்டி என்று ஒரு நாள் கேட்டேன். "சும்மா கேட்டா எள்ளு எண்ணெயை விட்டுடுமா? அதுக்கும் ஏதாச்சும் குடுக்கணும்" என்றார். மாடு சுற்றி முடிந்து எண்ணெயை வடித்த பிறகு, புண்ணாக்கில் ஒரு துண்டை எடுத்து அவர் விரல்களுக்கிடையே அழுத்துவார். கட்டைவிரலின் ரேகைகளில் ஒரு மினுமினுப்பு ஏறும். எவ்வளவு ஆட்டினாலும் புண்ணாக்கில் கொஞ்சம் எண்ணெய் நின்றுவிடும் என்பதை நான் கற்றுக்கொண்டது அந்தக் கட்டைவிரலைப் பார்த்துத்தான். அன்று அது வெறும் வேடிக்கை. பூமிக்கும் அதே ஸ்வபாவம் உண்டு என்று அறிய எனக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன.

பூமியின் கர்ப்பத்தில் பெட்ரோலியம் ஒரு பெரிய ஏரிபோல் தளும்பிக்கொண்டிருக்கிறது என்றும், குழாயை இறக்கி உறிஞ்சினால் ஏரி வற்றுவதுபோல் அது வற்றிவிடும் என்றும் எண்ணுகிறவர்கள் நம்மில் பலர். உண்மையில் எண்ணெய் இருப்பது பாறைக்குள். மணற்கல்லின் மணிகளுக்கிடையே, மயிரிழையைவிட நுண்ணிய இடுக்குகளில், தானும் உப்புநீரும் வாயுவுமாக நெருக்கியடித்துக்கொண்டு அது குடியிருக்கிறது. கிணறு தோண்டிய புதிதில், கோடிக்கணக்கான ஆண்டுகள் அடைபட்டிருந்த அழுத்தம் தானே எண்ணெயை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் தணிந்தபின் இறைப்பொறியைப் பூட்டுகிறார்கள். அதுவும் தளர்ந்தபின், சுற்றிலுமுள்ள வேறு கிணறுகளின் வழியே நீரைச் செலுத்தி, அந்நீர் முன்னால் உருட்டிவரும் எண்ணெயை வாங்கிக்கொள்கிறார்கள். இத்தனையும் செய்து, கிணற்றில் ஏறும் நூறு பீப்பாய் திரவத்தில் தொண்ணூறுக்கு மேல் வெறும் உப்புநீராகவே இருக்கும் நிலை வந்து, இனி இறைக்கும் கூலிக்குக்கூட வருமானம் கட்டாது என்று கணக்கர் கையை விரிக்கும் நாளில் பார்த்தால், பாறையில் இருந்த எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வெளியே வந்திருக்கும். எஞ்சிய இரண்டு பங்கு புண்ணாக்கிலேயே நின்றிருக்கும். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். உலகம் இதுவரை எடுத்து எரித்த எண்ணெயைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு, வேலை முடிந்துவிட்டதாக நாம் கருதும் வயல்களின் அடியில் கிடக்கிறது என்றால், பொறியாளர்களுக்கு உறக்கம் வராததில் வியப்பில்லை.

நீர் ஏன் அந்த எண்ணெயைக் கொண்டுவரவில்லை? இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, நம் உழவர்கள் நன்கு அறிந்தது. வரப்பில் ஓரிடம் உடைந்துவிட்டால், மடை வழியே வருகிற நீர் முழுவதும் அந்த உடைப்பை நாடி ஓடுமே தவிர, மேட்டுப் பாத்திகளை எட்டிப்பார்க்காது. பாறைக்குள்ளும் அவ்வாறே, இடுக்குகள் சற்று அகலமாக இருக்கும் அடுக்குகளில் நீர் தனக்கென ஒரு ராஜபாட்டையை வகுத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அதன் வழியாகவே வந்து போகிறது, பக்கத்து அடுக்குகளிலுள்ள எண்ணெய் நீரின் முகத்தையே காணாமல் கிடக்கிறது. இரண்டாவது காரணம், நம் வீட்டுப் பெண்கள் நன்கு அறிந்தது. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக்கொண்டவன் தலையில் எத்தனை குடம் வெந்நீர் ஊற்றினாலும், சீயக்காயோ அரப்போ இல்லாமல் அந்த எண்ணெய் போகாது. எண்ணெய்க்கும் நீருக்கும் நடுவே ஒரு பிடிவாதமான எல்லை இருக்கிறது. அந்த எல்லையிலுள்ள இழுவிசைதான், குறுகிய இடுக்கின் வாயில் நிற்கும் எண்ணெய்த் துளியை உருமாறவும் விடாமல், நகரவும் விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. ஆகவே பழைய வயலுக்கு வைத்தியம் செய்யப் புகுகிறவன், உடைந்த வரப்பைக் கட்ட வேண்டும், அல்லது பாறைக்குச் சீயக்காய் தேய்க்க வேண்டும், அல்லது இரண்டையும் செய்ய வேண்டும். இவ்விரண்டு தொழிலையும் கிருமிகள் செய்யக்கூடும் என்பதே நம் விஷயத்தின் சாரம்.

பூமியின் ஆழத்தில் உயிர் இருக்கக்கூடும் என்ற எண்ணமே ஒரு காலத்தில் பைத்தியக்காரத்தனமாகக் கருதப்பட்டது. பிராணவாயு இல்லாமலே வாழும் உயிர்கள் உண்டு என்பதை லூயி பாஸ்டர் 1861-ல் எடுத்துக்காட்டியிருந்தார் என்றாலும், அவை நூற்றுக்கணக்கான மீட்டர் பாறைக்குக் கீழே குடித்தனம் நடத்தும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. 1926-ல், சிகாகோப் பல்கலைக்கழகத்துப் பூகர்ப்ப சாஸ்திரியான எட்சன் பாஸ்டின், எண்ணெய்க் கிணறுகளிலிருந்து எண்ணெயோடு சேர்ந்து வரும் உப்புநீரில் கந்தகக் கிருமிகள் உயிரோடு இருப்பதை அறிவித்தார். அதே ஆண்டில் ஜே. டபிள்யூ. பெக்மன் என்பவர், கிருமிகளைக் கொண்டே பாறையிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுக்கலாமே என்று ஒரு யோசனையை எழுதிவைத்தார். அதைக் கையிலெடுத்துச் சாஸ்திரமாக்கியவர், கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தில் பணியாற்றிய கிளாட் சோபெல். கடலடிச் சேற்றையும் எண்ணெய் மணலையும் குப்பிகளில் அடைத்து, அவற்றில் கிருமிகளை வளரவிட்டுப் பார்த்தபோது, மணலை இறுகப் பற்றியிருந்த எண்ணெய் சிறுகச் சிறுக விடுபட்டு மேலே மிதப்பதை அவர் கண்டார். கிருமிகள் எவ்வெவ்வழிகளில் எண்ணெயை விடுவிக்கக்கூடும் என்று அவர் 1940-களில் தொகுத்துச் சொன்னவற்றுக்கும், 1946-ல் அவர் பெற்ற காப்புரிமைக்கும் பிறகு இத்துறையில் எழுந்த யோசனைகளில் பெரும்பாலானவை அவருடையவற்றின் கிளைகளே.

அவ்வழிகளை விளக்க நான் பரிசோதனைச் சாலைக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டு அடுக்களையே போதும். இரவில் அரைத்துவைத்த இட்லி மாவு காலையில் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டிப் பொங்கியிருக்கிறது. கிருமிகள் மாவைத் தின்று கரியமில வாயுவை விட்டிருக்கின்றன. மாவு புளித்திருக்கிறது, அவை அமிலத்தைச் சுரந்திருக்கின்றன. இரண்டு நாள் விட்டுவைத்தால் ஒரு கள் வாடை எழுகிறது. சாராய வகைகள் பிறந்திருக்கின்றன. மாவு கரண்டியில் இழுபடுகிறது. கோந்து போன்ற பசை உண்டாகியிருக்கிறது. இதே நான்கும் பாறைக்குள் நிகழுமானால், வாயு எண்ணெயில் கரைந்து அதை இளக்கும். அமிலம் சுண்ணாம்புப் பாறையை அரித்து இடுக்குகளை அகலமாக்கும். சாராய வகைகள் கெட்டி எண்ணெயைக் கரைக்கும். பசை, நீரின் ராஜபாட்டையை அடைக்கும். ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதுதான் கிருமிகளின் சீயக்காய். நம் மண்ணிலும் வைக்கோலிலும் சாதாரணமாகக் காணப்படும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற கிருமி, சர்ஃபாக்டின் என்று ஒரு பொருளைச் சுரக்கிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் 1968-ல் பிரித்தெடுத்த இப்பொருளில் மிகச் சிறிதளவு கலந்தாலே, நீரின் பரப்பு இழுவிசை 72 அலகிலிருந்து 27 அலகுக்கு இறங்கிவிடுகிறது. கூலி கேட்காமல், வெறும் சர்க்கரைப் பாகைத் தின்றுவிட்டு இத்தனை ரசாயனங்களை, தேவைப்படும் இடத்திலேயே தயாரித்துத் தரும் தொழிலாளி வேறெங்கே கிடைப்பான்?

இந்த மயக்கத்தில்தான் முதல் வயற்பரிசோதனையும் நடந்தது. 1954-ல், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து யூனியன் கவுண்டியில், லிஸ்பன் என்ற எண்ணெய் வயலின் ஒரு கிணற்றில், சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகை நீரில் நூற்றுக்கு இரண்டு பங்கு வீதம் கரைத்து மாதக்கணக்கில் செலுத்தினார்கள். அதனோடு கிளாஸ்டிரிடியம் அசிட்டோபியூட்டிலிக்கம் என்ற கிருமியையும் அனுப்பினார்கள். அந்தக் கிருமிக்கு ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் பீரங்கிகளுக்கு வேண்டிய வெடிமருந்துக்கு அசிட்டோன் கிடைக்காமல் தவித்தபோது, தானியத்தைப் புளிக்கவைத்து அதை உண்டாக்கித் தந்தது இந்தக் கிருமிதான். அவ்வித்தையைக் கண்டுபிடித்த ரசாயன நிபுணர் கைம் வைஸ்மான் பின்னாளில் இஸ்ரேல் நாட்டின் முதல் ஜனாதிபதியானார். ராஜாங்கத்துக்கு உழைத்த அந்தக் கிருமி, ஆர்கன்சா மணற்கல்லிலும் தன் கடமையைச் செய்தது: நாளடைவில் பக்கத்துக் கிணற்று நீரில் அமிலமும் கரியமில வாயுவும் தலைகாட்டின, எண்ணெய் வரத்தும் கூடியது. ஆயினும் பரிசோதனையின் முழு விவரம் வெளியுலகுக்கு அச்சில் கிடைத்தது ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 1980-களின் தொடக்கத்தில்தான். இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் எண்ணெய் மலிவாக இருந்தது; மலிவான பொருளுக்காக யாரும் நுண்ணோக்கியை எடுப்பதில்லை.

இனி, மயக்கம் தெளிய வேண்டிய இடத்துக்கு வருகிறேன். இட்லிப் பானையில் மாவு பொங்குவது நம் சமையலறைக் காற்றின் அழுத்தத்தில். இரண்டு கிலோமீட்டர் ஆழத்துப் பாறையிலோ, அழுத்தம் அதைப்போல் ஏறக்குறைய இருநூறு மடங்கு. அங்கே பிறக்கும் கரியமில வாயு, இங்கே அடைத்துக்கொள்ளும் இடத்தில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். ஒரு லாரிப் பாகு எவ்வளவு வாயுவைத் தரும், அந்த வாயு அங்கே எவ்வளவு இடத்தை நிரப்பும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தாலே, ஒரு வயல் முழுவதையும் பொங்கவைக்கும் கனவு கலைந்துவிடும். சீயக்காயின் கதையும் அதுவே. இடுக்கில் சிக்கிய துளி நகர வேண்டுமானால், எண்ணெய்க்கும் நீருக்கும் இடையேயுள்ள இழுவிசை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். குப்பியில் அவ்வாறு குறைத்துக்காட்டிய கிருமி, விரிந்து கிடக்கும் பாறையில் அதே செறிவை எட்டுவது மிகவும் துர்லபம். போதாக்குறைக்கு வெப்பம்: ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி வரை உஷ்ணம் ஏறுகிறது. மேலே சாமான்ய உஷ்ணத்தில் வளர்த்த கிருமியைக் கீழே அனுப்புவது, ஊட்டியில் வளர்ந்த செடியை அடுப்பங்கரையில் நடுவதற்கு ஒப்பாகும்.

இந்தத் தடைகளை அறிந்தும் அறியாமலும், எந்தக் கிணற்றுக்கும் பொருந்தும் ஒரே மருந்து என்று கிருமிக் குப்பிகளைக் கூவி விற்றவர்கள் இருந்தார்கள். 1986-ல் எண்ணெய் விலை சரிந்து, சிறு கிணற்றுச் சொந்தக்காரர்கள் எதைத் தின்றால் பித்தம் தெளியும் என்று அலைந்தபோது, அத்தகைய வியாபாரத்துக்குக் கேட்பானேன்! அவர்கள் காட்டிய வெற்றிகளில் ஒரு சூக்ஷ்மம் ஒளிந்திருந்தது. கிருமியைச் செலுத்தியபின் அது பெருகுவதற்காகக் கிணற்றை இரண்டு மூன்று வாரம் மூடிவைப்பது வழக்கம். ஒரு கிழட்டுக் கிணற்றை எதுவுமே செய்யாமல் மூன்று வாரம் மூடிவைத்துத் திறந்தாலும், அதற்குள் சுற்றுப் பாறையிலிருந்து ஊறிவந்த எண்ணெய் முதல் சில நாட்கள் அதிகமாகவே ஏறும். ஓய்வு எடுத்த கிணற்றின் புகழைக் கிருமியின் கணக்கில் எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? மருந்து கொடுக்கப்பட்ட கிணற்றுக்கு அருகே மருந்து கொடுக்கப்படாத கிணறு ஒன்றையும், மருந்துக்கு முந்திய ஆண்டுகளின் வரத்து எவ்வாறு இறங்கிக்கொண்டிருந்தது என்ற கணக்கையும் வைத்துக்கொள்ளாதவனுடைய வெற்றி, வெற்றியாகாது. இத்துறைக்கு ஏற்பட்ட அவப்பெயர் கிருமிகளால் வந்ததன்று. கணக்கு வைத்துக்கொள்ளாத மனிதர்களால் வந்தது.

கணக்கோடு செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். அலபாமா மாநிலத்தில் நார்த் ப்ளோஹார்ன் கிரீக் என்று ஒரு சிறிய எண்ணெய் வயல். நீர் செலுத்திச் செலுத்தி அலுத்து, சில ஆண்டுகளில் மூடிவிட வேண்டியதுதான் என்ற நிலையில் இருந்தது. மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் பிரவுனும் அவருடைய துணைவர்களும் அங்கே செய்த முதல் காரியம் எந்தக் கிருமியையும் கொண்டுபோகாததே. அந்த வயலின் பாறைத் துண்டுகளை எடுத்து, அங்கே ஏற்கனவே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். குடியிருந்தவர்கள் பட்டினியாக இருந்தார்கள்; எண்ணெய் என்ற கார்பன் உணவு சுற்றிலும் கிடந்தும், உடலைக் கட்ட வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் அவர்களுக்கு இல்லை. 1994-ல் தொடங்கி, வயலில் செலுத்திய நீரோடு நைட்ரேட் உப்பையும் பாஸ்பேட் உப்பையும், சில இடங்களில் சிறிது பாகையும் கலந்தார்கள். நம் உழவர் யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் இடுகிறாரே, அதே வகை உரம்தான். வயலைப் பகுதிகளாகப் பிரித்து, சில பகுதிகளுக்கு உரமிட்டு, மற்றவற்றை ஒப்பீட்டுக்காக இடாமல் விட்டார்கள். உணவு வந்த வழி நீரின் ராஜபாட்டை. ஆகவே கிருமிகள் பெருகியதும் அதில்தான். பெருகிய கிருமிகளின் உடலும் பசையுமே சேறுபோல் அப்பாட்டையை அடைத்தன. நீர் வேறு வழியின்றிப் பக்கத்து அடுக்குகளுக்குள் புகுந்து, அதுவரை தீண்டப்படாத எண்ணெயை உருட்டிவந்தது. உடைந்த வரப்பை, உடைப்பின் வழியே ஓடிய தண்ணீரைக் கொண்டே அடைத்துவிட்டார்கள். முதல் 42 மாதங்களில் கூடுதலாகக் கிடைத்தது 69,000 பீப்பாய் என்று கணக்கிட்டார்கள். பெரிய எண்ணெய் ராஜ்யங்களுக்கு இது ஒரு துளி. ஆனால் மூட இருந்த ஒரு வயலுக்கு அது ஆயுள் நீட்டிப்பு. ரஷ்யாவின் தாத்தாரிஸ்தான் வயல்களிலும், வெளிக்கிருமியை நம்பாமல், காற்றூட்டிய நீரில் நைட்ரஜன், பாஸ்பரஸ் உப்புகளைக் கலந்து உள்ளூர்க் கிருமிகளைத் தட்டியெழுப்பும் முறையையே கையாண்டார்கள்.

குடியிருப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று நான் சொன்னதாகக் கொள்ள வேண்டாம். பாஸ்டின் முதலில் கண்ட கந்தகக் கிருமிகள், கடல்நீரில் கரைந்துவரும் சல்பேட்டைக் கொண்டு ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் வீசும் அவ்வாயு, குழாய்களை அரிப்பதோடு, கிணற்றருகே அஜாக்கிரதையாக நிற்பவனின் உயிருக்கும் எமனாகும். வடகடல் வயல்களில் அதைத் தடுக்க நைட்ரேட்டைச் செலுத்துகிறார்கள். நைட்ரேட்டை உண்ணும் கிருமிகள் பெருகிக் கந்தகக் கிருமிகளின் இடத்தைப் பறித்துக்கொள்கின்றன. உணவை மாற்றினால் ஊரில் யார் கை ஓங்கும் என்பதும் மாறுகிறது. மேலும், கனடாவின் ஆல்பர்ட்டாவில் தார்போல் கிடக்கும் பிரம்மாண்டமான எண்ணெய் மணற்பரப்பு எப்படி உண்டாயிற்று என்று ஆராய்ந்தால், பல லட்சம் ஆண்டுகளாகக் கிருமிகள் இலேசான பகுதிகளைத் தின்று தீர்த்தபின் எஞ்சிய மண்டிதான் அது என்று தெரிகிறது. ஏறத்தாழ 80 டிகிரிக்கு மேல் வெந்த பாறைகளில் அந்தத் தீனி நின்றுவிடுகிறது. ஆக, எண்ணெயை விடுவிப்பவையும் எண்ணெயைக் கெடுப்பவையும் ஒரே கோத்திரத்தைச் சேர்ந்தவை. எதற்கு எப்போது சோறு போடுவது என்று அறிவதே இந்த வைத்தியத்தில் முழு வித்தையும்.

நம் தேசத்தில் இந்த முயற்சி குஜராத்தில் வேர்பிடித்தது. 1958-ல் காம்பேயிலும் 1960-ல் அங்கலேஸ்வரிலும் எண்ணெய் கண்ட அந்த மண்ணின் வயல்கள் பல இன்று முதுமை எய்திவிட்டன. அவற்றின் பாறைகளில் உஷ்ணம் மிகுதி. சாமான்யக் கிருமி அங்கே ஒரு நாள் தங்காது. ஆகவே டெல்லியிலுள்ள டெரி ஆராய்ச்சி நிறுவனத்தாரும், எண்ணெய் இயற்கை எரிவாயுக் கழகத்துக்குச் சொந்தமாக அகமதாபாதில் இயங்கும் எண்ணெய்த் தேக்க ஆய்வு நிறுவனத்தாரும் சேர்ந்து, கொதிப்புக்குப் பழகிய கிருமிகளையே தேடினார்கள். 70 முதல் 90 டிகிரி வரை உஷ்ணத்தில், பிராணவாயு இன்றி, பேரழுத்தத்தில் வாழ்ந்து அமிலமும் வாயுவும் சுரக்கும் ஒரு கிருமிக் கூட்டத்தை அவர்கள் உருவாக்கினார்கள். தெர்மோஅனரோபாக்டீரியம், தெர்மோடோகா, தெர்மோகாக்கஸ் என்பவை அதன் உறுப்பினர். இவற்றுள் கடைசியாகச் சொன்னது பாக்டீரியா குலத்தைச் சேர்ந்ததே அன்று. 1977-ல் கார்ல் வோஸ் தனியாகப் பிரித்துக்காட்டிய ஆர்க்கியா என்ற ஆதி குலத்தைச் சேர்ந்தது. 2007-ல் கழகமும் டெரியும் சேர்ந்து இதற்கென ஒரு கூட்டு நிறுவனத்தையே தொடங்கின. கடலிலும் நிலத்திலும் கொட்டிய எண்ணெயைத் தின்று தீர்க்கும் ஆயில்சாப்பர் என்ற கிருமிக் கலவையைத் தந்ததும் இதே டெரி நிறுவனம் என்பது ரசிக்கத்தக்கது: ஒரே கூரையின் கீழ் எண்ணெயைத் தின்பதற்கு ஒரு கூட்டமும், தின்னாமல் எடுத்துக்கொடுப்பதற்கு மற்றொரு கூட்டமும் வளர்ந்தன.

மெஹ்சானாப் பகுதியில் அத்தகைய ஒரு கிணற்றுப் பணியை அருகிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சுற்றிலும் ஆமணக்கு வயல். நடுவே, நம் ஊர் ஏற்றத்தை ஆளில்லாமல் ஆடவிட்டதுபோல், தலையை ஆட்டி ஆட்டி இறைக்கும் பொறி. மேலே விளைவதும் எண்ணெய் வித்து, கீழே கிடப்பதும் எண்ணெய் என்று எண்ணிக்கொண்டேன். லாரியிலிருந்து பாகின் புளித்த மணம் வீசியது; ஈக்கள் மொய்த்தன. கிருமித் தொட்டியின்மேல் நைட்ரஜன் வாயு சீறிக்கொண்டிருந்தது. காற்றிலுள்ள பிராணவாயு நமக்கு உயிர், இக்கிருமிகளுக்கு நஞ்சு. அந்தச் சீறலின் அருமை எனக்குத் தெரியும். என் ஆராய்ச்சிப் பருவத்தில், பல நாள் பயணம் செய்து கொண்டுவந்த கிணற்று நீர்க் குப்பியின் மூடி ஓர் இரவு இலேசாகத் தளர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. காலையில், பிராணவாயு புகுந்ததைக் காட்டிக்கொடுக்கும் நிறமூட்டி இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. உள்ளே உயிரோடு ஒன்றும் மிஞ்சவில்லை. மெஹ்சானாவில் கிருமியும் உணவும் உள்ளே இறங்கின, பின்னாலேயே நீரைச் செலுத்தி அவற்றைப் பாறைக்குள் தள்ளினார்கள், வால்வை மூடினார்கள். ஏற்றம் நின்றது. இனி என்ன செய்ய வேண்டும் என்று அங்கிருந்த மேஸ்திரியைக் கேட்டேன். ஒன்றும் செய்யக்கூடாது, சாஹேப், காத்திருக்க வேண்டும் என்றார்.

மூடிய கிணற்றின் அருகே நின்றபோது எனக்கு மற்றொரு கேள்வியும் எழுந்தது. புவி வெப்பமாகிக்கொண்டிருக்கும் இக்காலத்தில், எஞ்சிய எண்ணெயை எஞ்சியபடியே விட்டுவிட்டால் என்ன? இக்கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கும் ஒரு தேசம், மாற்று எரிசக்தி கைக்கு எட்டும் வரை ஏதோ ஒரு கிணற்றிலிருந்து இறைத்தே தீரும். காவிரிப் படுகையில் நரிமணம் முதலிய இடங்களில் பழைய கிணறுகள் உள்ளன. 2020-ல் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அங்கே புதிய எண்ணெய்த் திட்டங்களுக்குக் கதவை அடைத்திருக்கிறது. புதிதாக ஒரு நெல்வயலைத் துளைப்பதா, ஏற்கனவே துளைத்த இடத்தில் விட்டுவைத்ததை எடுப்பதா என்ற கேள்வி எழும்போது, இரண்டாவதற்கு என்ன செலவு, என்ன வரவு என்பதை நேர்மையாக அறிந்திருப்பது உழவருக்கும் நன்று, அரசாங்கத்துக்கும் நன்று.

அன்பர்களே, நூறாண்டுக் கதையை ஒரு மணி நேரத்தில் சொல்லி முடித்தேன். குப்பியில் அடைத்த சர்வரோக நிவாரணியை நம்பியவர்கள் தோற்றார்கள். இந்தப் பாறையில் என்ன உஷ்ணம், என்ன உப்பு, இங்கே யார் வசிக்கிறார்கள், அவர்களுக்கு என்ன குறை என்று முதலில் கேட்டவர்கள், சிறிதளவேனும் வென்றார்கள். இதில் விஞ்ஞானத்தின் நுண்கருவிகள் இருக்கின்றன; பாகும் உப்பும் பம்பும் இருக்கின்றன; ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்க வேண்டியது அந்தக் கேள்விதான்.

தெருக்கோடிச் செக்குத் தாத்தாவின் கருப்பட்டி தன் ஒட்டும் தன்மையால் புண்ணாக்கை இறுக்கி எண்ணெயைப் பிரித்தது. எண்ணெய்க் கிணற்றின் பாகு கிருமிகளின் வயிற்றில் புளித்து வேலை செய்கிறது. இரண்டும் ஒன்று என்று சொன்னால் ரசாயன மாணவர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். ஆனால் அவர் கருப்பட்டியில் கைவைக்கும் முன் எள்ளைக் கடித்துப் பார்த்தாரே, அது ஒன்றுதான். ஒவ்வொரு மூட்டைக்கும் புதிதாகக் கடித்துப் பார்ப்பார். நேற்றைய மூட்டையின் அளவை இன்றைய மூட்டைக்குப் போட்டதில்லை. அந்தப் பழக்கத்துக்கு அவர் வைத்த பெயர் எதுவும் இல்லை. பரிசோதனை என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம்.